பிக்கப் வண்டியில் ஏசி ஹோஸ் மாற்றும் முறை

ஏசி ஹோஸை மாற்றும் வேலையில் ஸ்பேனர் பிடிக்கும் நேரம் மிகக் குறைவு. இரண்டு இணைப்புகளைக் கழற்றிப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் பூட்ட, கை பழகியவருக்கு அரைமணி நேரம் போதும். கசிவு உண்மையில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும், உள்ளே மிஞ்சியிருக்கும் கேஸை (குளிர்ச்சியைத் தரும் குளிர்பதனியை) முறையாக வெளியே எடுப்பதும், திறந்து கிடக்கும் குழாய்களுக்குள் காற்றும் ஈரமும் தூசியும் புகாமல் காப்பதும், பம்பால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வேக்யூம் இழுத்து, கேஸை எடை பார்த்து நிரப்புவதும்தான் இந்த வேலையின் பெரும்பகுதி. ஹோஸ் மாற்றிய சில மாதங்களிலேயே, குளிர்பதனியை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் போய்விட்ட வண்டிகளில், பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்று அவசரத்தில் விடுபட்டிருக்கும்.

பிக்கப் வண்டிகளில் ஹோஸ் ஏன் அடிக்கடி விடுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. இவற்றில் பெரும்பாலானவை ஏணி போன்ற சேஸியின் மேல் கேபினைத் தனியாக ஏற்றிவைத்த அமைப்புடையவை. எஞ்சினும் அதனுடன் பூட்டிய கம்ப்ரசரும் சேஸியில் உள்ள ரப்பர் மவுண்டுகளின் மேல் நிற்கின்றன. காற்றைக் குளிர்விக்கும் எவாபரேட்டரோ கேபினுக்குள் இருக்கிறது, அந்தக் கேபின் வேறு ரப்பர் மவுண்டுகளின் மேல் நிற்கிறது. பாரம் ஏற்றிக் கரடுமுரடான பாதையில் செல்லும்போது இவை இரண்டும் வெவ்வேறு விதமாக ஆடுகின்றன. அந்த ஆட்டம் முழுவதையும் தாங்குவது இடையில் இருக்கும் ரப்பர் ஹோஸ்தான். எஞ்சின் மவுண்ட் தேய்ந்திருந்தாலோ, ஹோஸைப் பிடிக்கும் கிளிப் உடைந்திருந்தாலோ, புதிய ஹோஸும் பழையது கிழிந்த அதே இடத்தில் கிழியும். ஆகவே ஹோஸ் எங்கே விட்டது என்பதோடு நிற்காமல், ஏன் விட்டது என்பதையும் பார்த்துவிட்டுத்தான் உதிரிபாகம் வாங்கப் போக வேண்டும்.

வண்டியில் மூன்று குழாய்த் தடங்கள் உண்டு. எவாபரேட்டரிலிருந்து கம்ப்ரசருக்குக் குளிர்ந்த ஆவியைக் கொண்டுவரும் சக்ஷன் ஹோஸ் மூன்றிலும் பருமனானது. ஏசி ஓடும்போது தொட்டால் சில்லென்று இருக்கும், மேலே நீர் வியர்த்திருக்கும். கம்ப்ரசரிலிருந்து, சூட்டை வெளியே விடும் கண்டென்சருக்குச் செல்லும் டிஸ்சார்ஜ் ஹோஸ் அதைவிடச் சிறியது, கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். கண்டென்சரிலிருந்து எவாபரேட்டருக்குத் திரவத்தைக் கொண்டுசெல்லும் தடம் எல்லாவற்றிலும் மெல்லியது, பெரும்பாலும் முழுக்க அலுமினியக் குழாயாகவே இருக்கும். பழுதாவது அநேகமாக முதல் இரண்டில் ஒன்றுதான். சில வண்டிகளில் அவ்விரண்டும் ஒரே அலுமினியக் கட்டையில் சேர்ந்து கம்ப்ரசரின் பின்புறம் ஒரே போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கும். அப்படியானால் இரண்டையும் ஒரே தொகுப்பாகத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

கசிவைக் கண்டுபிடித்தல்

குளிர்பதனியோடு சேர்ந்து கம்ப்ரசர் எண்ணெயும் சுற்றிவருவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் படிந்திருக்கும். முதலில் தேட வேண்டிய இடம், ரப்பரும் உலோகக் குழாயும் சேரும் கிரிம்ப் வளையம். ரப்பர் நடுவில் வெடிப்பதைவிட, இந்த வளையத்தின் ஓரத்தில் கசிவதே மிகுதி. அடுத்து, ஹோஸ் வேறு பாகத்தில் உரசும் இடங்கள். அதன்பின் ஓ-ரிங் இணைப்புகள். ஓ-ரிங் இணைப்பில்தான் கசிகிறது என்றால் ஹோஸை மாற்றத் தேவையே இல்லை. சிறிய ரப்பர் வளையத்தோடு வேலை முடிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம், அல்லது புற ஊதா சாயம் செலுத்திச் சில நாள் ஓட்டிய பின் அதற்குரிய விளக்கை அடித்துப் பார்க்கலாம். மின்னணுக் கசிவுமானி இருந்தால் அதன் முனையை இணைப்பின் அடிப்பக்கமாக நகர்த்த வேண்டும், ஏனெனில் குளிர்பதனி காற்றைவிட எடை மிகுந்தது, கீழ்நோக்கித்தான் இறங்கும். கேஜ் மாட்டவும் கேஸ் ஏற்றவும் உள்ள சர்வீஸ் வால்வுகளின் மூடிகளைக் கழற்றி அங்கேயும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வால்வு ஊசி கசிவதால் ஹோஸின் மேல் பழி விழுவது அடிக்கடி நடக்கும் ஒன்று.

கேஜ் காட்டும் அழுத்தத்தை வைத்து உள்ளே எவ்வளவு குளிர்பதனி இருக்கிறது என்று கணிக்க முடியாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எஞ்சின் நின்று எல்லாம் சமநிலைக்கு வந்தபின், உள்ளே சிறிதளவேனும் திரவம் இருக்கும் வரையில், அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. 30 டிகிரி செல்சியஸில் ஆர்-134ஏ என்னும் குளிர்பதனி ஏறக்குறைய 97 பி.எஸ்.ஐ காட்டும்; அமைப்பு முழுதாக நிரம்பியிருந்தாலும், பாதி கசிந்துபோயிருந்தாலும் அதே எண்தான். அழுத்தம் சரியாக இருக்கிறது, கசிவில்லை என்று முடிவு கட்டுவது இதனால்தான் தவறாகிறது.

கசிவை அடைக்கும் திரவம் என்று டப்பாவில் விற்கப்படுவதைத் தயவுசெய்து ஊற்ற வேண்டாம். அவற்றில் பல, ஈரம் பட்ட இடத்தில் கெட்டியாகும் தன்மையுடையவை. கிரிம்ப் வளையத்தின் கசிவை அவை நிலையாக அடைப்பதில்லை. மாறாக, திரவத்தை எவாபரேட்டருக்குள் அளவாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வையும், பின்னால் கேஸை உறிஞ்சும் இயந்திரத்தையும் அடைத்துவிடக்கூடும். அது ஊற்றப்பட்ட வண்டியில் வேலை செய்யவே பல பட்டறைகள் தயங்குகின்றன. அதேபோல் கிழிந்த இடத்தை வெட்டிவிட்டுத் திருகு கிளாம்ப் போட்டு இணைப்பதும் இந்த அழுத்தத்துக்குத் தாங்காது. ஆயத்த ஹோஸ் கிடைக்காத பழைய வண்டியாக இருந்தால், ஹைட்ராலிக் ஹோஸ் செய்யும் இடத்தில் பழைய உலோக முனைகளையே வைத்துப் புது ரப்பரைக் கிரிம்ப் செய்துகொள்ளலாம். ஆனால் அது உள்ளே நைலான் படலம் கொண்ட, குளிர்பதனிக்கென்றே செய்யப்பட்ட பாரியர் ஹோஸாக இருக்க வேண்டும். கொண்டுபோகும் முன் இரு முனைகளும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கின்றன என்பதை ரப்பரின் மேல் நீளவாக்கில் ஒரு கோடு கிழித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கோணம் சிறிது மாறினாலும் ஹோஸ் முறுக்கிக்கொண்டுதான் பூட்டப்படும், முறுக்கிய ஹோஸ் நீண்ட நாள் உழைக்காது.

கேஸை வெளியேற்றுதல்

இணைப்பைச் சற்றே தளர்த்திக் கேஸைக் காற்றில் விட்டுவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இதைக் கைவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆர்-134ஏ புவியைச் சூடாக்கும் திறனில், நூறு ஆண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. 2016-இல், ஓசோன் படலத்தைக் காக்க வந்த மாண்ட்ரீல் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்ட கிகாலி திருத்தம் இந்தக் குடும்பத்து வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கவே வந்தது. வேண்டுமென்றே வெளியே விடுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். உங்கள் உடம்புக்கும் அது ஆபத்து: இயல்பான காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் திரவம் கண்ணிலோ தோலிலோ பட்டால் அந்த இடத்தை உறைய வைத்துவிடும், நெருப்பிலோ பழுக்கக் காய்ந்த உலோகத்திலோ பட்டால் சிதைந்து ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்னும் அரிக்கும் நச்சு வாயுவைத் தரும். புதிய வண்டிகளில் உள்ள ஆர்-1234ஒய்எஃப் இலேசாகத் தீப்பற்றவும் கூடியது.

எனவே வண்டியை முதலில் ஒரு ஏசி பட்டறைக்குக் கொண்டுபோய், உறிஞ்சும் இயந்திரத்தால் குளிர்பதனியை எடுத்துத் தரச் சொல்லுங்கள். எவ்வளவு எடை வந்தது, அதோடு எவ்வளவு எண்ணெய் வந்தது என்ற இரண்டு எண்களையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் எந்தக் குளிர்பதனி, எத்தனை கிராம், எந்த எண்ணெய் என்ற விவரம் இருக்கும். ஆர்-134ஏ, ஆர்-1234ஒய்எஃப் இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. தவறி மாட்டிவிடாதிருக்கத்தான் இரண்டின் சர்வீஸ் முனைகளும் வெவ்வேறு வடிவில் செய்யப்பட்டுள்ளன. பட்டறையிலிருந்து திரும்பிவந்த பிறகும், கழற்றத் தொடங்குமுன் கேஜை மாட்டி அழுத்தம் பூஜ்யத்தில்தான் நிற்கிறதா என்று பாருங்கள். எண்ணெயில் கரைந்திருந்த குளிர்பதனி மெல்ல வெளிவந்து அழுத்தம் மறுபடி சற்றே ஏறியிருக்கக்கூடும்.

கழற்றுதல்

எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொண்டு தொடங்குங்கள். ஹோஸ் எந்த வழியாகச் செல்கிறது, எந்த கிளிப்புக்குள் நுழைகிறது, எதன் மேலே போகிறது, எதன் கீழே போகிறது என்பதைக் கைப்பேசியில் நாலைந்து கோணங்களில் படம் எடுத்துவிடுங்கள். இணைப்புகளைச் சுற்றியுள்ள மண்ணையும் பிசுக்கையும் பிரஷ்ஷாலும் துணியாலும் நன்றாகத் துடைத்த பிறகே கழற்ற வேண்டும். வெளியே ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தால் அது போய் நிற்கும் இடம் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்ணிய துவாரம் அல்லது கம்ப்ரசரின் பிஸ்டன்.

நட்டு வகை இணைப்பாக இருந்தால் இரண்டு ஸ்பேனர் கட்டாயம்: ஒன்று நட்டைத் திருப்ப, மற்றொன்று எதிர்ப்பக்கத்தை அசையாமல் பிடிக்க. ஒரே ஸ்பேனரால் முரட்டுத்தனமாகத் திருப்பினால் நட்டோடு சேர்ந்து அலுமினியக் குழாயும் முறுக்கிக்கொண்டு கிழியும். ஹோஸ் மாற்ற வந்த வேலை கண்டென்சரையும் மாற்றும் வேலையாகிவிடும். துருப்பிடித்து இறுகியிருந்தால் துரு நீக்கும் எண்ணெயை முந்தைய நாள் இரவே தெளித்துவிடுங்கள். ஒற்றை போல்ட்டில் நிற்கும் கட்டை வகையில், போல்ட்டை எடுத்தபின் கட்டையை இருபுறமும் இலேசாக அசைத்து நேராக இழுக்க வேண்டும். நடுவில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பினால் ஓ-ரிங் உட்காரும் முகப்பில் கீறல் விழும், அந்தக் கீறல் எந்தப் புது ஓ-ரிங்காலும் அடைபடாது. சில வண்டிகளில் வெளியே நட்டோ போல்ட்டோ தெரியாத ஸ்பிரிங் லாக் இணைப்பு இருக்கும். உள்ளிருக்கும் சுருளை விரித்துவிடும் அளவான கருவி இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

ஓர் இணைப்பு திறந்த மறுகணமே இரு வாய்களையும் அடைத்துவிட வேண்டும். சுத்தமான ரப்பர் மூடி இல்லையென்றால் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டாலும் போதும். துணியையோ பஞ்சையோ திணிக்காதீர்கள், நூல் உள்ளே தங்கும். இவ்வளவு அவசரம் எதற்கென்றால், பெரும்பாலான கம்ப்ரசர்களில் உள்ள பிஏஜி என்ற வகை எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை விரைந்து உறிஞ்சும் தன்மையுடையது. அதே காரணத்தால் எண்ணெய் டப்பாவையும் ஊற்றும் நேரம் தவிர மற்ற நேரம் மூடியே வைத்திருக்க வேண்டும். உள்ளே சேரும் ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாக உறைவதோடு, நாளடைவில் அமிலமாகி உலோகத்தையும் அரிக்கிறது.

பழைய ஹோஸை எடுத்ததும் அதிலுள்ள எண்ணெயை அளவுகோடு போட்ட குவளையில் வடித்துவிட்டு, அதன் நிறத்தைப் பாருங்கள். தெளிவாகவோ சாயத்தின் பச்சை மஞ்சளாகவோ இருந்தால் கவலையில்லை. கறுத்து, விரலில் தேய்த்தால் உலோகப் பொடி மின்னினால், கம்ப்ரசர் தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் ஹோஸை மட்டும் மாற்றிப் பயனில்லை. வேலையை நிறுத்திவிட்டு, கம்ப்ரசர், கண்டென்சர் ஆகியவற்றைப் பற்றி முடிவெடுத்த பிறகே தொடர வேண்டும்.

பூட்டுதல்

புது ஹோஸைப் பழையதன் பக்கத்தில் தரையில் வைத்து நீளம், வளைவு, முனையின் அளவு, சர்வீஸ் வால்வும் பிரஷர் ஸ்விட்சும் இருக்கும் இடம் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். மூடிகளை இப்போது கழற்ற வேண்டாம். எண்ணெய்க் கணக்கை முதலில் முடித்துக்கொள்ளலாம்: பழைய ஹோஸிலிருந்து வடிந்தது, கேஸோடு பட்டறையில் வெளிவந்தது இரண்டையும் கூட்டி, அந்த அளவு புதிய எண்ணெயை வண்டிக்குரிய அதே பாகுத்தன்மையில் ஊற்ற வேண்டும். மெல்லக் கசிந்த வண்டியில் இது சில பத்து மில்லிலிட்டர்தான் இருக்கும். ஹோஸ் ஓடும்போதே வெடித்திருந்தால் எண்ணெய் பீய்ச்சி அடித்துப் போயிருக்கும், அதற்குரிய அளவை அந்த வண்டியின் பட்டறைக் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். குறைந்தால் கம்ப்ரசர் இறுகும். கூடினால் எண்ணெய் எவாபரேட்டரின் உட்சுவரில் படிந்து குளிர்ச்சியைக் குறைக்கும். மின்மோட்டாரால் ஓடும் கம்ப்ரசர் உள்ள ஹைப்ரிட் வண்டிகளில் மின்கடத்தாத தனி வகை எண்ணெய் பயன்படுகிறது. அங்கே பிஏஜி ஒரு சொட்டும் சேரக் கூடாது.

ஓ-ரிங்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். புது வளையம் அளவில் மட்டுமல்ல, பொருளிலும் பொருந்த வேண்டும். ஏசிக்கென்று விற்கப்படும் எச்என்பிஆர் ரப்பர் வளையங்களையே வாங்குங்கள். பழையது வெளியே வந்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். ஒருமுறை பழைய வளையம் எதிர்ப்பக்கக் குழியில் தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் நான் புதியதைப் போட்டு இறுக்கிவிட்டேன். வேக்யூம் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றது, நானும் நம்பினேன். கேஸ் நிரப்பி வெயிலில் ஓட்டிய இரண்டாம் நாள் முழுவதும் காலியாகிவிட்டது. அன்றிலிருந்து எந்த இணைப்பைப் பூட்டுமுன்னும் டார்ச் அடித்துக் குழியைப் பார்க்காமல் இருப்பதில்லை.

வளையத்துக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து, நேராக உட்கார வைத்து, முதலில் கையாலேயே இணைப்பைச் செருகுங்கள். கை விசைக்கே அது முழுதாக உள்ளே போக வேண்டும். போகவில்லையென்றால் கோணம் தவறு, ஸ்பேனரால் இழுத்துச் சரிசெய்ய முயலாதீர்கள். எல்லா இணைப்புகளையும் கையளவில் பூட்டி, கிளிப்புகளில் ஹோஸை உட்காரவைத்து, முறுக்கு இல்லை என்று பார்த்த பிறகே இறுதி இறுக்கம். இங்கே கசிவைத் தடுப்பது ரப்பர் வளையமே தவிர இறுக்கும் பலம் அல்ல. கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்கி அத்தோடு விட்டுவிடுங்கள். அலுமினியத்தில் மரை போய்விட்டால் திரும்ப வராது. சூடான எக்ஸாஸ்ட், சுழலும் பெல்ட், ஃபேன் இறக்கை எதற்கும் ஹோஸ் அருகில் வரவில்லை என்பதை, எஞ்சின் ஆடும் அளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

ஈரத்தை உறிஞ்சும் மணிகள் அடங்கிய ரிசீவர் டிரையரையோ அக்குமுலேட்டரையோ இதே வேளையில் மாற்றிவிடுவது நல்லது. அமைப்பு பல நாள் கசிந்து காலியாகக் கிடந்திருந்தால் இதில் விவாதத்துக்கே இடமில்லை: அந்த மணிகள் ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கும். புதியதன் மூடியைக் கடைசி நிமிடத்தில்தான் திறக்க வேண்டும், வேக்யூம் பம்பும் அதற்குள் தயாராக நிற்க வேண்டும்.

சோதித்தல், வேக்யூம், நிரப்புதல்

வேக்யூம் நிற்கிறது என்பதால் மட்டும் கசிவில்லை என்று சொல்ல முடியாததை மேலே சொன்ன அனுபவத்தில் பார்த்தோம். வேக்யூமில் வெளியிலிருந்து தள்ளும் அழுத்தம் 15 பி.எஸ்.ஐ-க்குள்தான், ஓடும்போது டிஸ்சார்ஜ் ஹோஸில் உள்ளிருந்து தள்ளுவதோ 200 பி.எஸ்.ஐ-யைத் தாண்டும். வசதி இருந்தால் முதலில் உலர்ந்த நைட்ரஜனை ரெகுலேட்டர் வழியாக 150 பி.எஸ்.ஐ அளவுக்கு ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்துவிடுங்கள். டயருக்கு அடிக்கும் காற்றை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அதில் ஈரம் உண்டு என்பது ஒரு காரணம். அழுத்தத்தில் காற்றோடு கலந்த ஆர்-134ஏ எரியக்கூடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஆக்சிஜன் சிலிண்டரை அருகிலேயே கொண்டுவரக் கூடாது. எண்ணெயோடு சேர்ந்தால் அது வெடிக்கும்.

நைட்ரஜனை வெளியே விட்டபின் வேக்யூம் பம்பை மாட்டிக் குறைந்தது 45 நிமிடம் ஓட விடுங்கள். வேக்யூம் என்பது காற்றை எடுக்க மட்டுமல்ல, உள்ளே ஒட்டியிருக்கும் நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக எடுப்பதற்கும்தான். 30 டிகிரியில் நீர் கொதிக்க அழுத்தம் ஏறக்குறைய 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு இறங்க வேண்டும், 20 டிகிரியில் 17-க்கு இறங்க வேண்டும். குளிர்ந்த நாளில் அதிக நேரம் ஓடவிடச் சொல்வது இதனால்தான். வேக்யூமை நுட்பமாக அளக்கும் மைக்ரான் கேஜ் இருந்தால் 500 மைக்ரானுக்குக் கீழே கொண்டுவந்து, வால்வை மூடி, அரைமணி நேரம் கவனியுங்கள். முள் சிறிது ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, பம்பை மறுபடி ஓட்டுங்கள். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு.

நிரப்புவது எடையால்தான், அழுத்தத்தைப் பார்த்து அல்ல. குளிர்பதனிக் கலனைத் தராசில் வைத்து, இணைப்புக் குழாயில் உள்ள காற்றை வெளியேற்றிவிட்டு, சீட்டில் சொன்ன கிராம் அளவுக்கு ஏற்றுங்கள். எஞ்சின் நிற்கும்போது உயர் அழுத்தப் பக்கம் வழியாகத் திரவமாக ஒரு பகுதியை ஏற்றலாம். அது தானாக நின்றதும் உயர் அழுத்த வால்வை இறுக மூடிவிட வேண்டும். கிளட்ச் உள்ள கம்ப்ரசராக இருந்தால், எஞ்சினைக் கிளப்புமுன் அதன் முன்தட்டைக் கையால் சில சுற்று சுற்றி, உள்ளே தேங்கியிருக்கக்கூடிய திரவத்தை நகர்த்திவிடுங்கள். பிறகு பேட்டரியை இணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை உச்ச குளிரிலும் ப்ளோவரை உச்ச வேகத்திலும் வைத்துக் கதவுகளைத் திறந்துவிட்டு, மீதியைக் குறைந்த அழுத்தப் பக்கம் வழியாக ஆவியாக மட்டும் ஏற்றுங்கள். இப்போது கலனைக் கவிழ்க்கக் கூடாது. திரவம் கம்ப்ரசருக்குள் போனால் அதை அழுத்த முடியாமல் வால்வுத் தகடுகள் உடையும். எஞ்சின் ஓடும்போது உயர் அழுத்த வால்வைத் திறந்தால் அழுத்தம் திரும்பிவந்து கலனே வெடிக்கக்கூடும். இந்த ஒன்றை வேலை செய்யும் இடத்தில் எழுதி ஒட்டி வைத்தாலும் தகும்.

ஆர்-134ஏ வண்டியில், மிதமான வெயிலில், குறைந்த அழுத்தப் பக்கம் 25 முதல் 45 பி.எஸ்.ஐ வரையிலும், உயர் அழுத்தப் பக்கம் 150 முதல் 250 பி.எஸ்.ஐ வரையிலும் நிற்பது இயல்பு. கடும் வெயிலில் இரண்டும் சற்று ஏறும். எடை சரியாக ஏற்றியும் உயர் அழுத்தம் மிகையாக இருந்தால் கண்டென்சர் ஃபேன் ஓடுகிறதா, கண்டென்சரின் முகத்தில் மண் அடைந்திருக்கிறதா என்று பாருங்கள்; அதிலும் குறையில்லையென்றால் உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது, கேஸை மறுபடி எடுத்து வேக்யூமிலிருந்து தொடங்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் கேஜைக் கழற்றி, சர்வீஸ் வால்வு மூடிகளை ரப்பர் வளையத்தோடு இறுக மூடுங்கள். ஒரு வாரம் பாரத்தோடும் பாரமில்லாமலும் ஓட்டிய பிறகு, எஞ்சின் ஆறியிருக்கும்போது புது ஹோஸின் இரு முனைகளையும் கிளிப் பிடிக்கும் இடங்களையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்; துணியில் எண்ணெய்க் கறை வராமல் இருக்க வேண்டும்.